மலைக்குளிரில் பழைய கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்: சோக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூணாறு, தேவிகுளம், சூரியநெல்லி, வட்டவடை பக்கம் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் மார்கழி பிறந்ததும் கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800, ஜிப்ஸி, பெட்ரோல் ஜீப் என்று கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள எந்த வண்டிக்கும் பொருந்தும். நம்பர் பிளேட் கேஎல்-68 ஆனாலும் டிஎன்-60 ஆனாலும் குளிர் ஒன்றுதான். இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்களுக்கு இங்கே வேலை இல்லை; அவர்கள் சாவியைத் திருப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

போடியில் முதல் செல்ஃபிலேயே பிடிக்கிற வண்டி, மூணாறில் ஒரு ராத்திரி நின்றால் மறுநாள் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் எரியும். சூடான எஞ்சினில் எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று சரியாக இருக்கும். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற எஞ்சினிலும் கார்பரேட்டர் அதே அளவில்தான் ஊற்றுகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகாமல் சிலிண்டருக்குக் கலவையைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக் குழாயின் சுவரில் துளித்துளியாக ஒட்டிக்கொண்டுவிடும். சிலிண்டருக்குள் போய்ச் சேரும் ஆவி, பிளக் பொறியில் பற்றும் அளவுக்குத் தேறுவதில்லை. அதனால் ஆரம்பத்தில் மட்டும் பல மடங்கு பெட்ரோலை அனுப்ப வேண்டியிருக்கிறது. போனதில் கொஞ்சமாவது ஆவியாகட்டும் என்கிற கணக்கு. சோக் செய்வது இவ்வளவுதான்.

போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மூணாறு 1,500 மீட்டரைத் தொடும். டிசம்பர், ஜனவரியில் செண்டுவரை, குண்டளை பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும் அளவுக்கு உறைபனி விழுகிறது. அந்தக் குளிரில் எஞ்சின் ஆயிலும் கெட்டியாகி செல்ஃப் மெதுவாகச் சுற்றும், பேட்டரியின் வலுவும் இறங்கியிருக்கும். மூன்று தொல்லையும் ஒரே காலையில் சேர்ந்து வருவதால், எது குற்றவாளி என்று பார்க்காமல் எல்லாரும் சோக்கின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

எல்லா வண்டியிலும் சோக் ஒரே மாதிரிதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். டேஷ்போர்டில் இருக்கும் குமிழ் ஒரே மாதிரி இருந்தாலும், கேபிளின் மறுமுனையில் நடப்பது மூன்று வகை. மூன்றுக்கும் காலையில் கால் வைக்கிற விதமே வேறு.

முதல் வகை, தட்டு சோக். கார்பரேட்டரின் வாயில் ஒரு தகடு இருக்கும். குமிழை இழுத்தால் அது வாயை அடைக்கும். உள்ளே காற்று குறைவதால் உறிஞ்சல் கூடி, ஜெட்டிலிருந்து (பெட்ரோல் வரும் சின்னத் துளை) பெட்ரோல் கொட்டும். மாருதி 800, ஜிப்ஸி, பெட்ரோல் ஜீப்புகள் பலவும் இந்தக் கட்சி. தகட்டின் கம்பி நட்டநடுவில் இல்லாமல் கொஞ்சம் ஒதுங்கி இருக்கும் வகைகளில், எஞ்சின் பிடித்ததும் காற்றின் இழுப்பே தகட்டைச் சற்றுத் திறந்துவிடும்.

இரண்டாவது, அம்பாசடரின் 1,489 சிசி பெட்ரோல் எஞ்சினில் வரும் எஸ்யூ கார்பரேட்டர். இதில் வாயை அடைக்கும் தகடே கிடையாது. குமிழை இழுத்தால் அடியில் இருக்கும் ஜெட் கீழே இறங்கும். மேலே கார்பரேட்டருக்குள்ளேயே இருக்கும் பிஸ்டனில் தொங்கும் ஊசி, நுனிக்குப் போகப் போக மெலிந்தது. ஜெட் இறங்க இறங்க, ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டின் வாயில் நிற்கும்; சந்து பெரிதாகி பெட்ரோல் அதிகம் வரும். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து “சோக் தகட்டைக் காணோம், யாரோ கழற்றி விற்றுவிட்டார்கள்” என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு.

மூன்றாவது, சோலெக்ஸ் கார்பரேட்டர்கள் சிலவற்றில் வரும் ஸ்டார்ட்டர் வகை. பத்மினியில் வந்த சோலெக்ஸ்களிலும் இதைப் பார்க்கலாம். கார்பரேட்டரின் பக்கவாட்டில் ஒரு குட்டிக் கார்பரேட்டர் ஒட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி ஜெட், தனிக் காற்றுத் துளை. குமிழை இழுத்தால் துளை போட்ட ஒரு வட்டத் தகடு திரும்பி, அந்தப் பாதையைத் திறந்துவிடும். த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) மூடியிருக்கும்போது அதற்குக் கீழே உண்டாகும் வெற்றிட இழுப்பில்தான் இது வேலை செய்யும்.

உங்கள் வண்டியில் எது என்று தெரிய, ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஒருவரைக் குமிழை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். வாயில் தகடு சாய்ந்தால் முதல் வகை. அடியில் நெம்புகோல் அசைந்து ஜெட் இறங்கினால் எஸ்யூ. வாயில் ஒன்றும் நடக்காமல் பக்கவாட்டில் ஒரு சின்ன லீவர் மட்டும் திரும்பினால் ஸ்டார்ட்டர் வகை.

ஆக்சிலரேட்டரை எத்தனை தடவை மிதிக்க வேண்டும்?

அம்பாசடரில் சும்மா மிதித்துப் பயனில்லை. எஸ்யூவில் மிதிக்கும்போது பெட்ரோலைப் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பே கிடையாது, கால்தான் வலிக்கும். தட்டு சோக் வண்டிகளில் பம்ப் இருப்பதால், சாவியைத் திருப்பும் முன் ஒன்றிரண்டு தடவை முழுசாக மிதித்து விடலாம். உறைபனி நாளென்றால் இன்னொன்று. அதற்கு மேல் மிதித்தால் பிளக் நனையும்.

ஸ்டார்ட்டர் வகையில் கதை தலைகீழ். செல்ஃப் அடிக்கும்போது காலை ஆக்சிலரேட்டரில் வைக்கவே கூடாது. லேசாக அழுத்தினாலும் த்ராட்டில் திறந்து, வெற்றிட இழுப்பு போய்விடும். சோக் முழுக்க வெளியே இருந்தும் இல்லாததற்குச் சமம். ஜீப் ஓட்டிப் பழகியவர் பத்மினியில் உட்கார்ந்தால் பழக்கதோஷத்தில் மிதித்துக்கொண்டே செல்ஃப் அடிப்பார். பேட்டரி இறங்கும், வண்டி பிடிக்காது. வண்டிக்குச் சொந்தக்காரர் வந்து காலை எடுத்துவிட்டு ஒரு தடவை அடிப்பார், பிடித்துவிடும். அது கைராசி இல்லை.

சரி, காலையில் என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே, லைட்டும் வைப்பரும் ஆஃப். சோக்கை முழுசாக இழுங்கள். பாதி சோக் என்பது சூடாகத் தொடங்கிய பிறகுதான். கிளட்சை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். கியர்பாக்ஸில் உறைந்துகிடக்கும் ஆயிலை எஞ்சின் சேர்த்துச் சுற்ற வேண்டாம் அல்லவா. பிறகு மேலே சொன்னபடி, வகைக்கு ஏற்ற மாதிரி கால்.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃபைப் பிடிக்காதீர்கள். விட்டு, அரை நிமிடம் பொறுத்து அடுத்தது. அந்த அரை நிமிடத்தில் பேட்டரி கொஞ்சம் மூச்சு வாங்கும், செல்ஃப் மோட்டாரும் ஆறும்.

ஒரு வாரம் பத்து நாள் நின்ற வண்டியில் இன்னொரு சங்கதி உண்டு. கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான ஃப்ளோட் சேம்பரில் இருந்த பெட்ரோல் ஆவியாகிப் போயிருக்கும். எஞ்சினால் ஓடும் பம்ப், டேங்கிலிருந்து இழுத்து அதை நிரப்பும் வரை எத்தனை சோக் இழுத்தாலும் பிடிக்காது. சில பெட்ரோல் பம்புகளில் கையால் அடிக்க ஒரு குட்டி லீவர் அடியில் இருக்கும். அதைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி, கை லேசாகும் வரை நிரப்பிவிட்டுச் செல்ஃப் அடித்தால் பேட்டரி மிச்சம்.

பிடித்துவிட்டது. எப்போது சோக்கை உள்ளே தள்ள வேண்டும்?

எஞ்சின் ஏற்றுக்கொள்ளும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. பிடித்த அரை நிமிடத்திலேயே கால்வாசி தள்ளிப் பாருங்கள். ஐட்லிங் தடுமாறினால் ஒரு இழை வெளியே இழுங்கள், இல்லாவிட்டால் அப்படியே விடுங்கள். கறுப்புப் புகையும், தட்டித் தட்டி ஓடும் சத்தமும் வந்தால் சோக் அதிகம். திணறி, கார்பரேட்டர் வழியாக ‘டப்’ என்று திருப்பி அடித்தால் குறைவு.

எஸ்யூவில் ஒரு வசதி உண்டு, பலருக்குத் தெரியாது. குமிழின் முதல் கொஞ்ச இழுப்பில் ஜெட் இறங்காது. த்ராட்டிலை மட்டும் லேசாகத் திறந்து ஐட்லிங்கை உயர்த்தும். அதனால் எஞ்சின் பிடித்துச் சற்றுச் சூடானதும் குமிழை அந்த முதல் கட்டத்தில் நிறுத்திவிட்டால், பெட்ரோல் வீணாகாமலேயே வண்டி நின்றுபோகாமல் ஓடும்.

நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் உறுமவிட்டுச் சூடாக்குவது எஸ்டேட் ஷெட்டுகளில் பழைய பழக்கம். அதை நான் ஆதரிக்கவில்லை. சோக் இழுத்த நிலையில் ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போய் அடியில் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: ஆயில் அளவு கூடியிருந்து, மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை அடித்தால், ஆயில் மாற்றியே ஆக வேண்டும். ஒரு நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் ரேஸ் பண்ணாமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவதுதான் எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கும்.

குளிருக்குப் பயந்து ஷெட் கதவை மூடிக்கொண்டு ஸ்டார்ட் செய்வது உயிருக்கு ஆபத்து. சோக்கில் ஓடும் எஞ்சின் கார்பன் மோனாக்சைடை மிக அதிகமாகத் தள்ளும். அதற்கு வாசனை கிடையாது. கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும்.

எங்கள் அம்பாசடருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போன பிறகும் சோக் தேவைப்படுகிறது. கார்பரேட்டரை மாற்றணுமா?

முதலில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் தண்ணீரைத் தடுத்து வைக்கும் வால்வு) இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி என்றோ சமவெளியில் ஓடியபோது ‘ஹீட் ஆகுது’ என்று சொல்லி யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருப்பார். மதுரை வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. இங்கே, எஞ்சின் சூடாகும் முன்பே ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர் சுற்றத் தொடங்கிவிடும். டெம்பரேச்சர் முள் அடியிலேயே கிடக்கும், சோக்கைத் தள்ளினால் வண்டி திணறும், மைலேஜ் கையைக் கடிக்கும்.

ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட் உள்ள வண்டியில் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் வரை அந்த ஹோஸ் ஜில்லென்றே இருந்து, பிறகு சட்டென்று சூடேறும். இல்லாத வண்டியில் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். மலையில் ஓடும் பழைய வண்டிக்கு, கார்பரேட்டர் ரிப்பேர் கிட்டை விட ஒரு தெர்மோஸ்டாட் அதிகம் உதவும் என்பது என் கட்சி. ஹீட் ஆகிறதென்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யுங்கள், ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது வைத்தியம் இல்லை.

குமிழ் வருகிறது, போகிறது. எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லை. ஏன்?

பெரும்பாலும் கேபிள்தான். கேபிளின் வெளி உறை கார்பரேட்டர் பக்கத்தில் ஒரு கிளிப்பில் பிடித்திருக்கும். அந்தக் கிளிப் தளர்ந்தால், குமிழை இழுக்கும்போது உறையும் கம்பியோடு சேர்ந்து நகரும், தகடு அசையாது. இல்லாவிட்டால் உள்கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கும். இங்கத்திய ஈரத்துக்கு அது சகஜம். மேல்முனையைக் கழற்றி, உறைக்குள் மெல்லிய ஆயிலைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, முன்னும் பின்னும் ஆட்டினால் பெரும்பாலும் விடும். கம்பி பிரிந்து நார் நாராக நின்றால் புதுசு போட்டுவிடுங்கள்.

தட்டு சோக்கைச் செட் செய்வது எளிது. கார்பரேட்டரில் கம்பியைப் பிடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்துங்கள். டேஷ்போர்டில் குமிழை முழுசாகத் தள்ளிவிட்டு, 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து வையுங்கள். தகட்டை விரலால் முழுக்கத் திறந்து, செங்குத்தாக நிறுத்தி, ஸ்க்ரூவை இறுக்குங்கள். அந்த 2 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால்தான் குமிழ் உள்ளே போன பிறகு தகடு நிச்சயமாக முழுசாகத் திறந்திருக்கும். பிறகு குமிழை முழுக்க இழுத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு வாயை ஒட்டி மூட வேண்டும். ஓரத்தில் பிறை போலச் சந்து தெரிந்தால் உறையின் கிளிப்பை நகர்த்திச் சரி செய்யுங்கள். மூடுவதைப் பார்ப்பவர்கள் அதிகம், திறப்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. பாதி திறந்து நிற்கும் தகடுதான் மாதக்கணக்கில் பெட்ரோலைக் குடித்து, புகைப் பரிசோதனையிலும் மாட்டிவிடும்.

எஸ்யூவில் என்னென்ன பார்க்க வேண்டும்?

மேலே இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுங்கள், கூடவே ஒரு தண்டு வரும். அது டாம்பர். உள்ளே மெல்லிய ஆயில் இருக்க வேண்டும். எஸ்ஏஇ 20 போதும். கையில் கிடைத்தது என்று 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயிலை ஊற்றினால் குளிர் காலையில் அது பாகு மாதிரி ஆகி, பிஸ்டன் மேலே எழவே யோசிக்கும். அடுத்து, கார்பரேட்டரின் வாய்வழியாக விரலை விட்டுப் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். ‘டொக்’ என்று சத்தத்தோடு விழ வேண்டும். நடுவில் தொங்கினால் பிஸ்டனும் மேல் சேம்பரும் அழுக்கு, அல்லது ஜெட்டும் ஊசியும் உரசுகின்றன. துணியில் பெட்ரோல் நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

ஜெட் உயரத்தைப் புதிதாகச் செட் செய்வதானால், அடியில் இருக்கும் ஆறுபட்டை நட்டை மேலே திருகி ஜெட்டின் வாய் பிரிட்ஜுக்கு (பிஸ்டன் வந்து உட்காரும் மேடை) சமமாக வரும்படி வைத்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை, கீழே இறக்குங்கள். இது வண்டி ஸ்டார்ட் ஆவதற்கான ஆரம்ப நிலை மட்டும். கடைசிச் செட்டிங்கை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அடியில் ஒரு சின்ன ஊசிப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பிஸ்டன் உயரும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திக் காதைக் கொடுங்கள். ஐட்லிங் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை மேலே. இறங்கி நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை கீழே. ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான்.

சோக் கேபிளில் இங்கேயும் ஒன்றரை மில்லிமீட்டர் போலத் தளர்வு வேண்டும். குமிழ் முழுக்க உள்ளே இருக்கும்போது ஃபாஸ்ட் ஐட்லிங் (சோக்கில் ஐட்லிங்கை உயர்த்தும்) ஸ்க்ரூவின் நுனிக்கும் அதைத் தள்ளும் கேமுக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து, 0.4 மில்லிமீட்டர் அளவு, இருக்கட்டும். சந்தே இல்லாவிட்டால் சோக் தள்ளிய பிறகும் ஐட்லிங் உயர்ந்தே நிற்கும். அப்புறம் அதைக் குறைக்க வேறு ஸ்க்ரூவைத் திருகி எல்லாவற்றையும் குழப்பிவிடுவார்கள். குமிழைத் தள்ளியதும் ஜெட் மேலே திரும்பி வந்து உட்காருகிறதா என்றும் விரலால் தொட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பாதியில் சிக்கி நிற்கும் ஜெட், நாள் முழுக்க சோக் போட்டு ஓட்டுவதற்குச் சமம்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது, பிடிக்கவில்லை.

ஓவர்ஃப்ளோ. சோக்கை முழுக்கத் தள்ளுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு (விட்டு விட்டு மிதிக்கக் கூடாது) 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். உள்ளே தேங்கியதைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு தடவையில் பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்துப் போடுங்கள். அடுப்பில் வாட்டுகிறவர்கள் பெட்ரோல் வாடை போன பிறகு, வண்டிக்கு எட்டத்தில் செய்யவும்.

சோக் போடாமலேயே கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் அது வேறு வியாதி: பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருக்கும், அல்லது அது மூடும் நீடில் வால்வில் தூசு சிக்கியிருக்கும்.

போடியில் டியூன் செய்த வண்டியை மூணாறுக்குக் கொண்டுவந்தால் ஜெட் மாற்றணுமா?

உயரத்தில் காற்று மெலிது. ஒரே வெப்பநிலைக் கணக்கில் இல்லாமல் வழக்கமான வளிமண்டலக் கணக்கில் பார்த்தால், 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விடச் சுமார் 14 சதவீதம் குறைவு. கார்பரேட்டருக்கு அது தெரியாது. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது. அதனால் மலையேறினால் கலவை கெட்டியாகும். இழுவை குறையும், பிளக் கறுக்கும்.

ஆனால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. போடியின் 30 டிகிரி மதியத்தையும் மூணாறின் 5 டிகிரி காலையையும் வைத்துக் கணக்குப் போட்டால், வித்தியாசம் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிடும். போய்வருகிற வண்டிக்கு அதற்காக ஜெட் மாற்ற வேண்டியதில்லை. மேலேயே நிரந்தரமாக ஓடும் வண்டியென்றால் இங்கே, நண்பகலில், எஞ்சின் சூடாக இருக்கும்போது மிக்ஸ்சரை ஒரு தடவை செட் செய்துகொள்ளுங்கள். காலைக் குளிரில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடவே கூடாது. குளிருக்குச் சோக் இருக்கிறது. அதன் வேலையை ஸ்க்ரூவில் வாங்கினால் மத்தியானம் வண்டி புகைக்கும்.

ஸ்டார்ட் ஆகி நன்றாகத்தான் கிளம்புகிறது. மூணாறு கேப் ரோட்டில் மஞ்சுக்குள் நுழைந்ததும் ஐட்லிங் நின்றுபோகிறது. ஐந்து நிமிடம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காத மாதிரி பிடிக்கிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறதே?

கார்பரேட்டருக்குள் ஐஸ் கட்டுகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் த்ராட்டில் அருகே வெப்பநிலை வெளிக்காற்றை விட 15 டிகிரிக்கு மேலும் இறங்கக்கூடும். வெளியே 8, 10 டிகிரி, காற்றில் சொட்டச் சொட்ட ஈரம் என்றால், அந்த ஈரம் த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் உறைந்து ஐட்லிங் துளையை அடைத்துவிடும். உறைபனி விழும் வறண்ட காலையை விட, மஞ்சு மூடிய மிதமான குளிரில்தான் இது அதிகம். வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் சூடு மேலே ஏறி ஐஸை உருக்கிவிடும், தடயமும் இருக்காது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் ஜெட்டைக் கழற்றி ஊதிக் கொடுப்பார். ஜெட்டில் ஒன்றும் இருக்காது.

நின்ற உடனே பானெட்டைத் திறந்து கார்பரேட்டரின் அடிப்பகுதியைப் பாருங்கள். எஞ்சின் கொதிக்கும்போது அது மட்டும் வியர்த்து ஜில்லென்றிருந்தால் சந்தேகமே வேண்டாம். சில வண்டிகளில் ஏர் ஃபில்டரின் மூக்கை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் திருப்பி வைக்க வசதி உண்டு. குளிர்காலத்தில் அப்படித் திருப்பிவிட்டால் சூடான காற்று போகும். கோடையில் மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஐஸ் கட்டுகிறது என்று சோக்கை இழுக்காதீர்கள். இன்னும் பெட்ரோல், இன்னும் ஆவி, இன்னும் குளிர். ஒரு கியர் குறைத்து, த்ராட்டிலைச் சற்று அதிகம் திறந்து ஓட்டுங்கள்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலால் குளிரில் தொல்லை கூடுமா?

கூடும். 2025-க்குள் பெரும்பாலான பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. ஒரு கிலோ எத்தனால் ஆவியாக, பெட்ரோலைப் போல இரண்டரை மடங்கு சூடு வேண்டும். போதாததற்கு, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை மெலிந்துவிடும். பழைய செட்டிங்கில் வண்டி சோக்கை அதிக நேரம் கேட்டால், எஸ்யூவில் ஒரு பட்டை கீழே இறக்கிப் பார்க்கலாம்.

எனக்கு அதைவிடக் கவலை ஈரம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். மழை மாதங்களில் பாதி டேங்கோடு நிற்கும் வண்டியில் தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். முதல் செல்ஃபில் போவது அதுதான். நீண்ட நாள் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் புதியவையாக மாற்றுங்கள்.

சோக் சரி, பெட்ரோல் வருகிறது, அப்படியும் பிடிக்கவில்லை.

கரன்ட்டைப் பாருங்கள். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பிளக் பொறிக்குக் கரன்ட் தரும் காயிலுக்குப் போக மிச்சம் இல்லை. பேட்டரி நல்லதாயிருந்தும் செல்ஃப் சோம்பினால், எஞ்சினுக்கும் பாடிக்கும் உள்ள எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் சுரண்டி இறுக்குங்கள். அம்பாசடரில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். மஞ்சு காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்பக்கம் வியர்த்திருக்கும். காய்ந்த துணியால் துடைத்தாலே பாதி வண்டிகள் பிடித்துவிடும். எஞ்சின் ஆயில் 20டபிள்யூ-50 என்றால் அடுத்த மாற்றத்தில் 15டபிள்யூ-40 போடுங்கள், செல்ஃப் சுற்றும் வேகத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஹேண்டில் போட்டுச் சுற்றலாமா?

எஞ்சினைக் கையால் சுற்றும் ஹேண்டிலுக்கு முன்பக்கம் துளை உள்ள வண்டியென்றால் தாராளமாக. சாவி ஆஃப், சோக் முழுக்க வெளியே. முதலில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி பெட்ரோலை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். பிறகு சாவி ஆன். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்கட்டும், ஹேண்டிலைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். கீழிருந்து மேலாக இழுக்க மட்டும் செய்யுங்கள், மேலிருந்து அழுத்தக் கூடாது. டைமிங் முந்தியிருக்கும் எஞ்சின் திருப்பி உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்வது?

எஸ்டேட் லயத்து வாசலில் வண்டியை மேடு பார்த்து நிறுத்துவதே அதற்காகத்தானே. இரண்டாவது கியர், சாவி ஆன், சோக் வெளியே. வேகம் எடுத்ததும் கிளட்சை விடுங்கள். சாவியை ஆன் செய்யாமல் உருட்டினால் ஸ்டீயரிங் லாக் விழும் வண்டிகளும் உண்டு, எதிரே தேயிலைச் சரிவு.

டீசல் ஜீப்பில் டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறதே, அதுவும் சோக்தானா?

இல்லை, பழைய டீசல் ஜீப்பில் அது பெரும்பாலும் எஞ்சினை நிறுத்தும் குமிழ். அதை இழுத்து வைத்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பொழுது விடியும், வண்டி பிடிக்காது. டீசலுக்குக் குளிரில் வேண்டியது ஹீட்டர் பிளக்.

கடைசியாக, இதற்கு நேர்மாறு: போடியிலிருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி, டீ குடிக்க நிறுத்தினேன். எஞ்சின் கொதிக்கிறது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. சோக் போடலாமா?

வேண்டவே வேண்டாம். சுமார் 1,000 மீட்டர் ஏற்றத்தைக் குறைந்த கியரில் ஏறி நின்ற எஞ்சினின் சூடு, நிறுத்தியதும் காற்றோட்டம் இல்லாமல் பம்புக்கும் பெட்ரோல் குழாய்க்கும் கார்பரேட்டருக்கும் ஏறும். ஃப்ளோட் சேம்பரில் இருப்பது கொதித்து மேனிஃபோல்டில் வழிந்திருந்தால், உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் அதிகம். ஆக்சிலரேட்டரைப் பாதிக்கு மேல் அழுத்திப் பிடித்துச் செல்ஃப் அடியுங்கள். அப்படியும் வெறுமனே சுற்றினால் குழாயில் ஆவி அடைத்து, பம்பால் இழுக்க முடியவில்லை என்று பொருள். எத்தனால் பெட்ரோலில் இது இன்னும் சுலபமாக வரும். பானெட்டைத் திறந்து வையுங்கள், பம்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் நனைத்துப் பிழிந்த துணியைப் போடுங்கள். கண்ணாடிக் கிண்ணம் உள்ள பம்பானால் தண்ணீரை நேராக ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். இன்னொரு டீ குடிக்கிற நேரம் போதும்.